சிந்தெடிக் ஆயிலை எப்போது மாற்றுவது: கிலோமீட்டரா, மாதமா?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு பெட்ரோல் கார், மூன்று வருடப் பழசு. வீட்டிலிருந்து அலுவலகம் 5 கிலோமீட்டர். ஃபுல் சிந்தெடிக் ஆயில் ஊற்றி 14 மாதம் ஆகிவிட்டது, ஆனால் ஓடியிருப்பது 5,200 கிலோமீட்டர்தான். ஆயில் விற்ற கடைக்காரர் 15,000 வரை கவலையே வேண்டாம் என்கிறார். சர்வீஸ் சென்டரில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்கிறார்கள். அப்பாவோ 5,000 தாண்டவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

உங்கள் வண்டிக்கு மட்டும் பதில் போதுமென்றால், இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இனிமேல் வருடத்துக்கு ஒரு முறை, மீட்டர் என்ன காட்டினாலும் சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் நாளைக்கு வேறு வண்டி வாங்கினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கோவையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு இன்ஜின்களைத் திறக்க வேண்டி வந்தது. முதலாவது ஒரு கால் டாக்ஸி, பெட்ரோல் வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. கோவை–பெங்களூரு, கோவை–சென்னை என்று எந்நேரமும் நெடுஞ்சாலையிலேயே கிடக்கும். டேப்பட் கவர், அதாவது இன்ஜினின் மேல்மூடி, அதன் பேக்கிங் கசிகிறது என்று கொண்டுவந்தார் டிரைவர். கவரைக் கழற்றினால் உள்ளே கேம் ஷாஃப்ட் பளபளவென்று இருக்கிறது. அலுமினியத்தின் மேல் டீ டிகாஷன் நிறத்தில் லேசான கறை, அவ்வளவுதான். துணியால் துடைத்தால் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

இரண்டாவது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய கார். ஏழு வருடத்தில் 31,000 கிலோமீட்டர். காலையில் கோயில், பிறகு மார்க்கெட், சாயங்காலம் பேரனை டியூஷனில் விட்டுவருவது. எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள். ட்ராஃபிக்கில் நின்று இன்ஜின் சூடானால் ஆயில் லைட் மினுக் மினுக்கென்று எரிகிறது என்று வந்தார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியை, அதாவது ஆயில் சேம்பரை, இறக்கினோம். ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற இடத்தில் வலை போட்ட ஒரு ஸ்ட்ரெய்னர் இருக்கும். அந்த வலை கண்ணுக்கே தெரியவில்லை. காய்ச்சி ஆறிய கருப்பட்டிப் பாகு மாதிரி கரிய களிம்பு, விரலால் வழித்தால் திரண்டு வருகிறது. சேம்பரின் அடியிலும் அதுவே ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. "தம்பி, நான் எப்பவுமே நல்ல சிந்தெடிக் ஆயில்தான் போடுறேன். ஒரு தடவைகூடப் பத்தாயிரம் தாண்டினதே இல்லையே" என்றார். உண்மைதான். ஏழு வருடத்தில் மூன்று முறை மாற்றியிருக்கிறார், ஒவ்வொன்றும் சரியாகப் பத்தாயிரத்தில். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த ஆயில் இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளேயே கிடந்திருக்கிறது.

வண்டியோடு தருகிற கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருப்பார்கள். எல்லோர் கண்ணிலும் முதல் பாதி மட்டும்தான் படுகிறது. குறைவாக ஓட்டுகிறவருக்கு இரண்டாம் பாதிதான் முக்கியம்.

வண்டி ஓடாமல் கிடந்தால் ஆயில் ஏன் கெடுகிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வேதியியல் அப்படித்தான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவி ஆகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே சேம்பருக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும், எரிந்ததில் உண்டாகும் அமிலங்களும் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டி அரை மணி நேரம் நின்றால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென்று இருக்கிற குழாய் வழியாக மறுபடி இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். டாக்ஸியில் தினமும் நடந்தது இது. வாத்தியார் காரில் ஒரு நாளும் நடக்கவில்லை. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைப்போம். அது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. ஆயில் அந்தச் சூட்டை எட்ட இன்னும் வெகுநேரம் பிடிக்கும். மூன்று, ஐந்து கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால் ஆயில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குளிர் நாடுகளில் இது இன்னும் மோசம். நமக்கு வெயில் கொஞ்சம் கைகொடுக்கிறது, ஆனால் முழுசாகக் காப்பாற்றாது.

ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் நுரை மாதிரி ஒட்டியிருந்தால் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் லேசாக இருப்பது சகஜம். துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். மறுபடி வரவில்லையென்றால் பயமில்லை. நீண்ட தூரம் ஓட்டியும் கெட்டியாகத் திரண்டு வந்தால், கூடவே கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) அளவும் குறைந்தால், அந்தத் தண்ணீர் ஆயிலோடு கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

டிராக்டர், ஜேசிபி, ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் யாரும் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. மணிக்கணக்குத்தான். டிராக்டரில் அதற்கென்றே மீட்டர் இருக்கும், பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது வழக்கம். காரில் அந்த மீட்டர் இல்லாததால் கிலோமீட்டரை வைத்துச் சமாளிக்கிறோம். உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை நெரிசலில் 5 கிலோமீட்டர் போக 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். 5,200 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 350 மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கிறது. அந்த டாக்ஸி மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் 15,000 ஓடினால்கூட 230 மணி நேரம்தான். மணிக்கணக்கு மட்டுமே முழுக்கதை என்று சொல்ல மாட்டேன், சிக்னலில் நிற்கிற ஒரு மணியும் மேடு ஏறுகிற ஒரு மணியும் ஒன்றல்ல. ஆனாலும் "ஐயாயிரம்தானே ஓடியிருக்கிறது" என்ற நினைப்பு எவ்வளவு தப்பு என்று இந்தக் கணக்குக் காட்டிவிடும்.

அப்படியானால் சிந்தெடிக்குக்குக் கூடுதல் காசு கொடுத்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் எங்கே உண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். டப்பாவில் இருப்பதில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய், மீதி கூட்டுப்பொருள்கள். சிந்தெடிக்கில் உயர்ந்தது அடிப்படை எண்ணெய்தான். அதன் மூலக்கூறுகள் சாதா ஆயிலைவிட ஒரே சீராக இருக்கும். அதனால் சூட்டில் சீக்கிரம் ஆவியாகாது, கெட்டியாகாது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வேகமாக மேலே ஏறும். டர்போ இருக்கிற வண்டிகளில் பேரிங்குக்குள் கருகி ஒட்டிக்கொள்ளாமல் தாங்கும். இவ்வளவும் உண்மை.

கூட்டுப்பொருள்கள் விஷயம் வேறு. அழுக்கைக் கழுவுகிற டிடர்ஜென்ட், கரியைத் தனித்தனித் துகளாக மிதக்கவைக்கிற டிஸ்பர்சன்ட், உலோகம் உலோகத்தோடு உரசாமல் படலமாகப் படிகிற துத்தநாகச் சேர்மம், அமிலத்தை முறிக்கிற காரம், இவையெல்லாம் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். துணி துவைக்கத் துவைக்க சோப்பு கரைகிற மாதிரி. நல்ல சிந்தெடிக்கில் இவற்றைச் சற்றுத் தாராளமாகவே போட்டிருப்பார்கள், ஆனால் தீராமல் இருக்காது. அப்புறம் தண்ணீர், பெட்ரோல், தூசி. இவை உள்ளே வரும்போது ஆயில் சிந்தெடிக்கா சாதாவா என்று பார்ப்பதில்லை. வாத்தியார் காரில் நடந்தது அதுதான். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், அது சுமந்த குப்பை அளவுக்கு மீறிவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "ஃபுல் சிந்தெடிக்" என்று டப்பாவில் எழுதியிருப்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. 1970களில் மொபில் கம்பெனியின் 'மொபில் 1' ஆயில் வந்த காலத்தில் சிந்தெடிக் என்றால் ரசாயன முறையில் கட்டி எழுப்பிய பிஏஓ வகை எண்ணெய். பிறகு கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து, ஹைட்ரஜன் ஏற்றி, மூலக்கூறுகளை மாற்றியமைத்த 'குரூப் 3' எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்றார்கள். இதில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்து, 1999-இல் அமெரிக்காவில் விளம்பரங்களைப் பரிசீலிக்கிற அமைப்பு குரூப் 3-ஐயும் அப்படி அழைக்கலாம் என்று சொல்லிவிட்டது. இன்று கடைகளில் கிடைக்கிற ஃபுல் சிந்தெடிக்கில் நிறைய குரூப் 3 தான். அது மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே உழைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது முன்பக்கத்துப் பெரிய எழுத்தை அல்ல, பின்பக்கத்துத் தர எழுத்துகளை. பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐ எஸ்பி (API SP) என்று இருந்தால் நல்லது, ஏபிஐ என்பது ஆயிலுக்குத் தரம் வகுக்கிற அமெரிக்க அமைப்பு. அது 2020-இல் வந்த தரம், சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் வருகிற ஒரு வகை முன்வெடிப்பைத் தடுப்பதையும் சேர்த்துச் சோதித்தது. உங்கள் கையேட்டில் கார் கம்பெனி தனியாக ஒரு தர எண் கொடுத்திருந்தால் அதுதான் முதலில்.

கெட்டித்தன்மை விஷயத்திலும் கையேடுதான் கணக்கு. டப்பாவில் 0டபிள்யூ-20 (0W-20), 20டபிள்யூ-50 (20W-50) என்று போட்டிருப்பது இந்தக் கெட்டித்தன்மையைத்தான், எண் கூடினால் கெட்டி. "0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கு, நம்ம வெயிலுக்குத் தாங்குமா, 20டபிள்யூ-50 ஊத்திடலாமா" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளியே 42 டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்குள் சூட்டைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும், எண்ணெய் அந்தச் சூட்டுக்கென்று செய்யப்பட்டதுதான். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றினால் நுண்ணிய வழிகளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. கையேட்டில் இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால் அதற்குள் கெட்டியானதை எடுத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டாதீர்கள்.

சரி, மற்றவர்களுக்கு எத்தனை கிலோமீட்டர்? மாருதி, ஹூண்டாய், டொயோட்டா கார்களுக்கு இங்கே பெரும்பாலும் 10,000 அல்லது ஒரு வருடம் என்கிறார்கள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனில் 15,000 அல்லது ஒரு வருடம். இவை மனம்போன போக்கில் போட்ட எண்கள் அல்ல, இன்ஜின், சேம்பர் கொள்ளளவு, ஆயில் தரம் எல்லாவற்றையும் வைத்துச் சோதித்துப் போட்டவை. பாதி ஊர், பாதி நெடுஞ்சாலை என்று ஓட்டுகிறவர் அப்படியே பின்பற்றலாம். மாதம் 3,000 ஓட்டுகிறவர் மூன்று, நான்கு மாதத்தில் 10,000 தொட்டுவிடுவார், அவர் சங்கடமே இல்லாமல் அதுவரை போகலாம். ஆனால் கையேடு 10,000 என்கிறபோது டப்பாவில் 15,000 என்று போட்டிருக்கிறது என்பதற்காக நீட்டாதீர்கள். வாரண்டி இருக்கிற வண்டியென்றால் இன்ஜின் பிரச்சினை வரும்போது முதலில் கேட்பது சர்வீஸ் பில்லைத்தான்.

அதே கையேட்டில் பின்னால் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. குறுகிய தூரம், நின்று நின்று போகிற ட்ராஃபிக், புழுதிச் சாலை, மலைப்பாதை, இழுவை என்றால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர் நகரத்துக் கார்களில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் வந்துவிடும் என்பது என் எண்ணம். அப்படி ஓட்டுகிறவர்களுக்கு நான் 6,000 முதல் 7,500-க்குள் மாற்றச் சொல்கிறேன். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிற நேரடி இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோல் என்றால் நெடுஞ்சாலைக்காரருக்கும் 7,500-ஐத்தான் விரும்புவேன், அவற்றில் பெட்ரோல் ஆயிலோடு கலப்பது அதிகம். அப்பா சொல்கிற 5,000 சாதா மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அதனால் வண்டிக்குக் கெடுதல் இல்லை, காசுதான் கொஞ்சம் கூடப் போகும்.

டீசல் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கிற டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அது நிரம்பினால் வண்டி கூடுதலாக டீசலைத் தெளித்துச் சூட்டைக் கூட்டிக் கரியை எரிக்கும். பல வண்டிகளில் அந்த டீசலில் கொஞ்சம் சேம்பருக்குள் வந்துவிடும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் எரிப்பு பாதியில் நின்று நின்று, ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறைந்தால் பயப்படுகிற நாம் ஏறினால் சந்தோஷப்படுகிறோம். ஏறுவதுதான் ஆபத்து. மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பைக் வேறு உலகம். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், அதுவும் ஒரு லிட்டரை ஒட்டித்தான். கியர் பற்கள் மாவு அரைக்கிற மாதிரி ஆயிலை அரைத்து அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடும். கியர் விழுவது கடகடவென்று கரடாக மாறினால் ஆயில் தளர்ந்துவிட்டது என்று கை சொல்லிவிடும். இங்கே கார் அளவுக்கு இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள், அந்தந்த பைக் கையேட்டின் எண்ணைத் தாண்டவும் வேண்டாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற ஜப்பானியத் தரக் குறி இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுவழுப்புப் பொருள் கிளட்சை நழுவ வைத்துவிடலாம்.

கருப்பாகிவிட்டது, அதனால் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசலில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். கரி இன்ஜினில் ஒட்டாமல் ஆயிலில் மிதக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நிறத்தை வைத்து ஆயுளைச் சொல்ல முடியாது. விரலில் தேய்த்தால் நெறநெறவென்று மணல் மாதிரி தட்டுகிறதா, பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா, பால் கலந்த மாதிரி இருக்கிறதா, இவைதான் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பி இரும்பு, சிலிக்கான், மீதமுள்ள காரம் எல்லாம் அளந்து பார்க்கிற முறையும் உண்டு, பெரிய லாரி நிறுவனங்களுக்கு அது லாபம். ஒரு காருக்கு அந்த அலைச்சல் கட்டுபடியாகாது.

மாற்றுகிற இடைவெளியைவிட அதிகமாக இன்ஜின்களைக் கொல்வது அளவு பார்க்காமல் விடுவது. ஃபுல் சிந்தெடிக் ஊற்றியவர்கள் அடுத்த சர்வீஸ் வரை பானெட்டையே திறப்பதில்லை. மூன்றரை லிட்டர் பிடிக்கிற இன்ஜின் ஒரு லிட்டர் குடித்துவிட்டால், மீதி இரண்டரை லிட்டர்தான் அத்தனை சூட்டையும் அழுக்கையும் சுமக்க வேண்டும். மாதம் ஒரு முறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில், மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். டேஷ்போர்டில் எரிகிற சிவப்பு ஆயில் லைட் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் போய்விட்டதைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் வீடு பக்கத்தில்தான் என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்கு அனுப்பும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க அந்த வேலை வேண்டாம். ட்ரெயின் போல்ட்டின் வாஷரும் புதுசு போடச் சொல்லுங்கள். டப்பாவின் சீலை உங்கள் முன்னாலேயே உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாக்களில் போலி ஆயில் அடைத்து விற்கிறார்கள், அதனால் முடிந்ததும் டப்பாவில் ஒரு ஓட்டை போட்டுவிடுவது நல்லது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடத்தில் ஒரு மாதம் மட்டும் ஊர் வந்து ஓட்டுகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். வந்து இறங்கியதும் மாற்றாமல், கிளம்புவதற்கு முன் மாற்றி, ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். பதினோரு மாதம் பேரிங்குகள் பழைய அமிலத்தில் ஊறாமல் புது எண்ணெயில் ஊறட்டும்.

உங்கள் செலவையும் பார்த்துவிடலாம். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்கூட வராது. டீக்காசைவிடக் குறைவு.

வாத்தியார் காரைக் கழுவிச் சுத்தம் செய்து, முதல் ஆயிலை 1,500-லேயே இறக்கி, அடுத்ததை 3,000-ல் இறக்கி, மிச்சமிருந்த களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தோம். நல்ல வேளை, பேரிங் போகவில்லை. இப்போது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தவறாமல் வந்துவிடுகிறார். மீட்டரில் நாலாயிரமோ ஐந்தாயிரமோ கூடியிருக்கும், அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஆயிலை மாற்றி, மூடியின் அடியில் விரலை வைத்துத் துடைத்துக் காட்டுவேன். பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார்.